எடுக்கும்போது அங்கே இல்லாதவர்

ஸ்ரீவராகம்,
திருவனந்தபுரம்.
2 ஜூலை 2023

அன்புள்ள தாணுலிங்கம் அவர்களுக்கு,

இந்தக் கடிதத்தில் வரிசையாகச் சொல்ல வருவன:

1. உங்கள் கல்லாற்றுப் படத்துக்குப் பத்துக்கு ஐந்து கொடுத்தது ஏன்.
2. ஃப்ரேமுக்குள் இருப்பதெல்லாம் படம் எடுத்தவரின் முடிவு என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஏன்.
3. அன்று நம் போட்டோ கிளப்பில் எழுந்த சிரிப்பில் என் பங்கு.
4. ஒரு வேண்டுகோள்.

இப்படி எண் போட்டு எழுதுவது உங்களுக்கு எரிச்சலாக இருக்கும். கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்து வந்த பழக்கம். வரிசை இல்லாவிட்டால் பாதியில் பயந்து நிறுத்திவிடுவேன். போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. நேரில் வரலாம், உங்கள் சாலைத் தெருப் பாத்திரக்கடை என் வீட்டிலிருந்து நடந்தே வரக்கூடிய தூரம்தான். ஆனால் கடையில் நாலு பேர் இருப்பார்கள்.

முதலாவது. ஆறும் பாறையும் மழைப்புகையும் நன்றாக வந்திருந்தன. ஆனால் இடது ஓரத்தில் ஒரு மனிதரின் பாதித் தோளும் குடையின் விளிம்பும் மங்கலாக நுழைந்திருந்தன. கண் ஆற்றுக்குப் போகாமல் அங்கேயே போய் முட்டுகிறது. அதற்காகத்தான் ஐந்து. வேறு யார் எடுத்திருந்தாலும் ஐந்துதான்.

இரண்டாவது. நம் கிளப்பில் படங்கள் பெயரில்லாமல், எண்ணோடு மட்டும் பலகையில் ஏறுகின்றன. தீர்ப்புச் சொல்கிறவர் பேசும்போது எடுத்தவர் வாய் திறக்கக் கூடாது. இந்த வழக்கம் கடுமையானது என்று நீங்களே ஒருமுறை சொன்னீர்கள். ஆனால் யோசியுங்கள். வாட்ஸாப்பில் படம் போட்டால் பூவும் கைதட்டலும் வருகின்றன. அவை படத்துக்கு வருவதில்லை, ஆளுக்கு வருகின்றன. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது நம் படத்தை நம் முகம் தெரியாமல் ஒருவர் பார்க்க வேண்டாமா? அந்தப் பார்வைக்கு ஒரே அடிப்படைதான் இருக்க முடியும்: ஃப்ரேமுக்குள் இருப்பதெல்லாம் எடுத்தவர் வைத்தது, வெளியே இருப்பதெல்லாம் அவர் விலக்கியது. இதை விட்டுவிட்டால் படத்தைப் பற்றிப் பேச எதுவும் மிஞ்சாது.

மூன்றாவது. "இந்தப் படத்தின் ஒரே குறை இடது ஓரத்தில் நிற்கும் அந்த ஆள். யாரென்று தெரியவில்லை. அவரை வெட்டி எறிந்தால் படம் பிழைக்கும்" என்று சொன்னேன். அந்த ஆள் நான்தான் என்று என் குடையைப் பார்த்தே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. சிரித்தார்கள். என் பேச்சுக்கு யாரும் சிரித்துப் பழக்கமில்லை. கொஞ்சம் தலை கிறங்கியது உண்மை. அப்போது நீங்கள் விதியை மீறி எழுந்து நின்று, "எடுக்கும்போது அவர் அங்கே இல்லை" என்றீர்கள். நான் உடனே, "அப்படியானால் படம் கழுவும்போது வந்திருப்பேன்" என்றேன். கூரை அதிர்ந்தது. நீங்கள் படத்தைக் கூட எடுத்துக்கொள்ளாமல் வெளியே போனீர்கள்.

என் வருத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். கல்லாற்றில் உங்கள் லென்ஸில் தூறல் விழாமல் குடை பிடித்துக்கொண்டு, உங்கள் இடது கைப்பக்கம் ஓர் அடி முன்னால் நான் நின்றேன். என் முதுகு முழுக்க நனைந்தது. அப்படி நின்றவனை, அத்தனை பேர் முன்னால், அங்கேயே இல்லை என்று சொன்னீர்கள்.

நான்காவது. ஆகஸ்ட் கூட்டத்துக்கு வாருங்கள். படம் கொண்டுவாருங்கள். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. வேறு யாராவது சொல்லட்டும்.

அன்புடன்,
ஸ்ரீனிவாசன்


சாலை,
12 ஜூலை 2023

ஸ்ரீனிவாசன் சாருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் நம்பர் போட்டு எழுதினீர்கள். எனக்கு ஒரே ஒரு நம்பர்தான்.

நான் பொய் சொல்லவில்லை.

நாற்பது வருஷம் எடை போட்டுப் பித்தளை விற்றவன் நான். தராசில் விரல் வைத்தான் என்று ஒருத்தன் சொன்னதில்லை. அன்றைக்கு முப்பது பேர் என் முன்னால் சிரித்தார்கள். சிரித்ததில் பாதிப் பேர் என் கடையில் குக்கர் வாங்கியவர்கள். இப்போது கடைக்கு வந்தால், "எந்தா அண்ணாச்சி, ஆளில்லாத்த படம் வல்லதும் உண்டோ?" என்கிறார்கள், ஆளில்லாத படம் ஏதும் இருக்கிறதா என்று. என் மகன் ஹரிகுமார் கல்லாவில் இருந்துகொண்டு தலையைக் குனிகிறான்.

சுசீந்திரத்துச் சாமி அறியச் சொல்கிறேன். கேமராவில் கண்ணை வைத்தேன். ஆறு இருந்தது, பாறை இருந்தது, புகை இருந்தது. உங்கள் குடையும் இல்லை, நீங்களும் இல்லை. தூறல் நின்றுவிட்டது, சார் பின்னால் போய்விட்டார் என்று நினைத்தேன். வீட்டில் வந்து பார்த்தால் நீங்கள் நிற்கிறீர்கள். எனக்கே திக்கென்று ஆனது. ஆனாலும் ஆறு நன்றாக வந்திருக்கிறதே என்று கொடுத்தேன்.

ஆறு வருஷமாகச் சொல்கிறீர்கள், இடது ஓரம் கவனி, இடது ஓரம் கவனி. ஒருமுறை குப்பைத்தொட்டி, ஒருமுறை பாதி நாய், ஒருமுறை யாரோ ஒருத்தியின் சேலைத் தலைப்பு. நான் கவனிக்காமலா இருந்தேன்? சுத்தமாகத் தெரிகிற இடத்தில் இன்னும் என்னத்தைத் தேட? உங்கள் தீர்ப்பினால் எனக்கு ஆனது என்னவென்றால், கேமராவைக் கையில் எடுத்தாலே பயம். சந்தோஷத்துக்குத்தானே இதை வாங்கினேன்? எங்கள் வீட்டுக்காரி போன பிறகு, ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கத்தானே கிளப்புக்கு வந்தேன்?

அலமாரியில் என் படங்கள் எல்லாம் இருக்கும். கிளப் செயலாளர் ஆன்சனிடம் சொல்லித் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். கேமராவை விற்கப்போகிறேன்.

நீங்கள் மழையில் நனைந்ததற்கு வருத்தம். அது எனக்குத் தெரியாது.

தாணுலிங்கம்


ஸ்ரீவராகம்,
6 ஆகஸ்ட் 2023

அன்புள்ள தாணுலிங்கம்,

இந்த முறை எண்கள் இல்லை.

உங்கள் படங்களை ஆன்சனிடமிருந்து நானே வாங்கி வந்தேன். வாங்கும்போது என் எண்ணம் நல்லதல்ல. அனுப்புமுன் ஒருதடவை வரிசையாக வைத்துப் பார்த்து, என் தீர்ப்பு எப்போதும் சரியாகத்தான் இருந்தது என்று உங்களுக்கு நிரூபிக்க நினைத்தேன். கூடத்துத் தரையில் வருஷவாரியாகப் பரப்பினேன். வேலிக் கடற்கரையில் எடுத்ததிலிருந்து கல்லாறு வரை.

என் மனைவி நாகலக்ஷ்மி அந்தப் பக்கம் காபியோடு வந்தாள். அவளுக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது, தெரிய வேண்டுமென்ற ஆசையும் கிடையாது. நின்று பார்த்தாள்.

"ஏன்னா, இவர் படத்துல எல்லாம் ஒரே பக்கமா குப்பை சேர்றதே. வலது பக்கம் பெருக்கித் துடைச்சாப்பல இருக்கு. இடது பக்கம் அவருக்கு என்ன, வேத்து நாடா?"

"அஜாக்கிரதைதான். நானும் சொல்லிண்டே இருக்கேன்."

"அஜாக்கிரதைன்னா ரெண்டு பக்கமும்னா இருக்கணும்?"

காபியை வைத்துவிட்டுப் போய்விட்டாள். நான் இடது ஓரங்களை மட்டும் வரிசையாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதல் வருஷப் படங்களில் ஓரத்தில் ஒரு நூல் அளவுதான் அந்நியப் பொருள். போகப் போக அது உள்ளே வருகிறது. குப்பைத்தொட்டி ஒரு விரல் அகலம். நாய் அதைவிடக் கொஞ்சம் கூட. கல்லாற்றில் நான் அரை ஆள். மாதம் ஒரு படமாகப் பலகையில் பார்த்தபோது ஒவ்வொன்றும் ஒரு தவறு. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது வேறு ஏதோ. நாம் ஒருபோதும் சேர்த்துப் பார்த்ததில்லை. எண் மட்டும் உள்ள படங்களைச் சேர்த்துப் பார்க்க வழியும் இல்லை. ஆனால் அவை உங்கள் படங்கள் என்று எனக்கு மட்டும் ஒவ்வொரு முறையும் தெரிந்தே இருந்தது. தெரியாததுபோல் இருப்பதுதான் நேர்மை என்று நினைத்தேன்.

நீங்கள் கேமராவில் வலது கண்ணை வைத்து, இடது கண்ணை மூடிக்கொள்வீர்கள். வேறு எந்த நேரத்திலும் இரண்டு கண்ணும் ஒன்றுக்கொன்று ஈடு செய்துகொள்கின்றன. கேமராவில் மட்டும்தான் உங்கள் வலது கண் தனியாக இருக்கிறது.

நான் ஒளியியல் நடத்தியவன். ஒவ்வொரு வருஷமும் ஒரு தாளில் பெருக்கல் குறியும் புள்ளியும் போட்டு, ஒரு கண்ணை மூடச்சொல்லி, தாளை அருகே கொண்டுவரச் சொல்வேன். ஓர் இடத்தில் புள்ளி மறைந்துவிடும். பிள்ளைகள் கத்துவார்கள். அப்போது சொல்வேன்: "கண் தனக்குத் தெரியாத இடத்தைக் கறுப்பாகக் காட்டாது. அக்கம்பக்கத்தில் உள்ளதை வைத்து நிரப்பிவிடும். அதனால் தெரியவில்லை என்பதே நமக்குத் தெரியாது." முப்பது வருஷம் இதையே சொன்னவன், நீங்கள் எழுந்து நின்று சொன்னதைக் கேட்டு எல்லோரையும் சிரிக்கவைத்தேன்.

நான் மருத்துவன் அல்ல. என் ஊகம் தவறாக இருக்கலாம். தவறாகவே இருக்க வேண்டும். ஆனால் தயவுசெய்து இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு, வலது கண்ணால் எதிரே ஏதாவது ஒன்றை அசையாமல் பாருங்கள். இடது பக்கம் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பாருங்கள். பிறகு நாளையே கண் மருத்துவரிடம் போங்கள்.

நேற்று மூன்று தடவை போன் செய்தேன். மணி அடித்து ஓய்ந்தது. மாலையில் உங்கள் தெருமுனை வரை வந்தேன். நீங்கள் கடை வாசலில் ஒருவரோடு பேசிச் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அந்தச் சிரிப்பில் போய் இதைச் சொல்ல எனக்கு வரவில்லை. திரும்பிவிட்டேன்.

படங்களை இப்போது அனுப்பவில்லை. மருத்துவருக்குத் தேவைப்படலாம். கேட்டால் கொண்டுவருகிறேன்.

ஸ்ரீனிவாசன்


சாலை,
3 செப்டம்பர் 2023

ஸ்ரீனிவாசன் சாருக்கு,

இதை எழுதுவது தாணுலிங்கம் மாமாவின் மருமகள் ஸ்ரீப்ரியா. மாமாவுக்குக் கண்ணில் மருந்து ஊற்றியிருப்பதால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். "நான் சொல்லுகத அப்படியே எழுது பிள்ளே, திருத்தாத" என்கிறார். பள்ளிக்கூடத்தில் நான் படித்தது மலையாளம். பிழை இருந்தால் மன்னிக்கணும்.

சாரே, சுகந்தானா. உங்க லெட்டர இவதான் வாசிச்சா. நான் சிரிச்சேன். நம்ம சாருக்கு மார்க் போட ஆளு கிடைக்கல்ல, இப்ப என் கண்ணுக்கு மார்க் போட வாறாருன்னு சொன்னேன். பொறவு கடையில சும்மா இருக்கும்போ எதுத்த கடை போர்ட வலது கண்ணால மட்டும் பாத்தேன். பாதிப் பேருதான் இருந்து. இடது கண்ணத் தொறந்தா மீதி எழுத்து வந்து உக்காருது. மூடுனா போகுது. நாலஞ்சு தடவ பாத்தேன். வேர்த்துப்போச்சு.

ஹரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு மெஷினுக்குள்ள தலைய விடச்சொல்லி, வெளிச்சம் வரும்போ பட்டன அமுக்கச் சொன்னாவ. நான் நல்லாத்தான் அமுக்கினேன். டாக்டர் சின்னப் பொம்பளப் பிள்ளை. கண்ணுல பிரஷர் கூடி நரம்பு கெட்டுப்போற கிளாக்கோமான்னு சொல்லுகா. எத்தனை நாளாட்டு இப்படின்னு கேட்டா. ஒரு மாசம்னு சொன்னேன். அவ தலைய ஆட்டிட்டு, ஒரு மாசம் இல்ல, வருஷக்கணக்கா இருக்கும்னா. அப்ப நான் போன்ல உள்ள பழைய படத்த எல்லாம் ஒண்ணொண்ணாத் தள்ளிக் காட்டுனேன். அந்தப் பிள்ளை ரொம்ப நேரம் பாத்துது.

"இதொக்க கண்டிட்டு ஆரும் ஒண்ணும் பறஞ்ஞில்லே, அங்கிள்?"

"பறஞ்ஞு மோளே. எல்லா மாசமும் பறஞ்ஞு. மார்க்கும் தந்நு."

யாரும் ஒண்ணும் சொல்லலியான்னு கேட்டதுக்கு, மாசாமாசம் சொன்னாவ, மார்க்கும் தந்தாவன்னேன். அவளுக்கு விளங்கல்ல. நான்தான் சிரிச்சேன். ஹரிக்கு அழுகை வந்துட்டு.

வலது கண்ணுல போனது போனதுதானாம். திரும்பி வராது. முன்னமே வந்திருந்தா நிப்பாட்டியிருக்கலாமாம். இடது கண்ணு தெளிவா இருக்குன்னு சொன்னாவளாம், ஹரி சொன்னான். ஒரு கண்ணு போதும் சாரே. கேமராவுக்கு எதுக்கு ரெண்டு கண்ணு?

உங்க மேல எனக்குக் கோவம் உண்டுமா இல்லையான்னு எனக்கே தெரியல்ல. நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் சொன்னீங்க. அதுதான் சங்கடம். தப்பாச் சொல்லியிருந்தா ரெண்டு வார்த்தை ஏசிட்டு நிம்மதியா இருப்பேன்.

கேமராவ விக்கல்ல. இப்ப இடது கண்ணுல வச்சுப் பழகுகேன். விடியும்போ தனியே நடந்து தம்பானூர் போறேன். பஸ் ஸ்டாண்டும் ஸ்டேஷனும் எதுத்தெதுத்தாப்ல, அந்த நேரத்துக்கு ஆளும் வெளிச்சமும் நல்லா இருக்கும். கூட வாறேன்னு இவ சொன்னா. வேண்டாம்னுட்டேன். நான் என்ன குருடனா?

ஒரு படம் இதுகூட வச்சிருக்கேன். பின்னால நம்பர் மட்டும் உண்டு, பேரு இல்ல. நீங்க தீர்ப்புச் சொல்லணும். மார்க் போடணும். பாவம் பாக்கப்பிடாது. இடது ஓரத்தப் பாருங்க, தொடச்சு வச்ச மாதிரி இருக்கும்.

தாணுலிங்கம்

சார், இனி எழுதுவது மாமாவுக்கு வாசித்துக் காட்டாதது. இடது கண்ணும் பாதிக்கு மேல் போய்விட்டது. டாக்டர் எங்களிடம் தனியாகச் சொன்னார். நேரே இருப்பது தெரியும். வலது ஓரம் தெரியாது. மாமாவிடம் சொல்ல என் கணவருக்குத் தைரியம் இல்லை, எனக்கும் இல்லை. அத்தை போன பிறகு மாமா இந்தக் கேமராவைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றார். இதையும் எடுத்துவிட்டால் படுத்துவிடுவார். படத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதி அனுப்புங்கள், சார். வேறு ஒன்றும் எழுத வேண்டாம்.


ஸ்ரீவராகம்,
15 செப்டம்பர் 2023

அன்புள்ள தாணுலிங்கம்,

ஸ்ரீப்ரியா, இதை வாசிக்கப்போவது நீதான் என்று எனக்குத் தெரியும். நீ கேட்டபடி நாலு நல்ல வார்த்தை எழுதி, உறையில் போட்டு, ஒட்டியும் வைத்தேன். அதைக் கிழித்துப் போட்டது ஏன் என்று கீழே இருக்கிறது. நடுவில் நிறுத்தாதே, அம்மா.

படம், எண் ஏழு. ஸ்டேஷன் வாசலில் ஒரு பெண் பெட்டிமேல் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து வரும் விடியல் அவிழ்ந்த கூந்தலில் மட்டும் படுகிறது. சுற்றிலும் அத்தனை கால்கள் போகின்றன. அவள் தன் வீட்டில் இருப்பதுபோல் இருக்கிறாள். இப்படி ஒரு கணத்தை நம் கிளப்பில் வேறு யாரும் பிடித்ததில்லை. இடது ஓரம் நீங்கள் சொன்னதுபோல் துடைத்து வைத்திருக்கிறது.

வலது ஓரத்தில் ஓர் ஆட்டோவின் முன்பகுதி இருக்கிறது. மங்கலாக, மிகப் பெரிதாக. இவ்வளவு பெரிதாக விழ வேண்டுமானால் அது உங்களுக்குக் கைதொடும் தூரத்தில் வந்திருக்க வேண்டும். எடுக்கும்போது அந்த ஆட்டோ அங்கே இல்லை என்று நீங்கள் சொல்வீர்கள். இப்போது நான் நம்புகிறேன்.

பாவம் பார்க்க வேண்டாம் என்றீர்கள். மதிப்பெண் ஐந்து.

உங்கள் இடது கண்ணும் போய்க்கொண்டிருக்கிறது, தாணுலிங்கம். உங்கள் பிள்ளைகள் உங்கள்மேல் உள்ள பிரியத்தால் சொல்லவில்லை. அவர்களை ஏசாதீர்கள். நான் ஆறு வருஷம் சொல்லாமல் இருந்ததை விட அவர்கள் சொல்லாமல் இருந்தது சிறிய விஷயம்.

சொல்வதால் என்ன ஆகும் என்று நேற்று முழுக்க யோசித்தேன். ஒன்றும் ஆகாது. போன பார்வை வராது. மருந்து மிச்சத்தைக் காக்கலாம். எவ்வளவு நாள் என்று தெரியாது. இதைப் படித்தபின் நீங்கள் கேமராவைக் கீழே வைத்துவிடலாம். அப்படி நடந்தால் அது என் எழுத்தால்தான். ஆன்சனிடம் இனி தீர்ப்புச் சொல்ல வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அவன் வருத்தப்படவில்லை. "சாரமில்ல சாரே, இனி வாட்ஸாப்பில் லைக் மதி" என்றான். பரவாயில்லை, லைக் போதுமாம். ஒரு மனிதனின் கண் போவதை மாதாமாதம் பலகையில் மாட்டிப் பார்த்து, எண் போட்டு, ஐந்து, ஆறு என்று மதிப்பிட்டுக் கைகழுவிப் போனோம். சரியாகச் சொன்னோம். சரியாகச் சொன்னதுதான் மிச்சம்.

உங்கள் படத்தைப் பார்த்த மறுநாளிலிருந்து விடியலில் நானும் தம்பானூர் வருகிறேன். தூரத்தில் நிற்பேன். இன்று தூறல். நீங்கள் ஸ்டேஷன் வாசலில் கேமராவைக் கண்ணில் வைத்தபோது, வண்டிகள் வரும் பக்கம் உங்கள் வலப்பக்கம் என்பதால், அங்கே வந்து நின்றேன். குடையை உங்கள்மேல் பிடித்தேன். கை நீட்டினால் உங்கள் தோள். "தாணுலிங்கம்" என்று கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் ஓர் ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். கையைக் காட்டி நிறுத்தினேன். நீங்கள் படம் எடுத்தீர்கள், வலது கண்ணைத் திறக்காமலே கேமராவை இறக்கினீர்கள், எதிரே ஸ்டேஷனுக்கு மேல் வானத்தைப் பார்த்தீர்கள், மழை நின்றுவிட்டது என்று நினைத்ததுபோல் சட்டையைத் தட்டிவிட்டு நடந்தீர்கள். என்னைக் காணவில்லை.

இன்றைய படத்தில் வலது ஓரத்தில் நான் இருப்பேன்.

ஜூலை இரண்டாம் தேதி உங்களுக்கு நான்கு விஷயங்கள் எழுதினேன். ஃப்ரேமுக்குள் இருப்பதெல்லாம் எடுத்தவரின் முடிவு என்று இரண்டாவதாக எழுதினேனே, அது தவறு.

ஸ்ரீனிவாசன்